குறைந்த எடை மீண்டும் கூடுவது ஏன்?
இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதில் எந்த மூலிகையின் பெயரையும் அவர் சொல்லவில்லை. உண்ணும் அளவையும் உண்ணும் காலத்தையுமே பெரிதும் பேசுகிறார். இன்று இரைப்பையையே சுருக்கி உணவின் அளவைக் குறைக்கும் அளவுக்கு அறுவை மருத்துவம் வளர்ந்துவிட்டது. அப்படிச் சுருக்கிய பின்னும் சிலருக்குச் சில ஆண்டுகளில் எடை மீண்டும் கூடுகிறதே, அது ஏன்? கூடினால் என்ன செய்வது? இவ்விரு வினாக்களுக்கும் நான் படித்தறிந்த விடைகளை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பெரியம்மா. 2018ஆம் ஆண்டில் அவருடைய எடை 118 கிலோ. உயரம் 154 செ.மீ. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி. கால் காணி நிலத்தை விற்றுச் சென்னையில் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றரை ஆண்டில் எடை 76 கிலோவாக இறங்கியது, ஊசியும் நின்றது. ஊரே வியந்தது. ஆனால் 2025 பொங்கல் விடுமுறையில் நான் சென்றபோது எடை 93 கிலோ. “நெலத்த வித்து வயித்த அறுத்துக்கிட்டேன். இப்ப ரெண்டும் போச்சேடா தம்பி” என்றார். ஊராரும் அதையேதான் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், நானும் மனத்துக்குள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அறுவை சிகிச்சை செய்வது என்ன?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966இல் இம்முறையைத் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்ததே இதற்கு வித்தாயிற்று. இன்று செய்யப்படும் முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்று பிரிக்கப்படுகிறது. சிறுகுடலின் ஒரு பகுதி நேரே அப்பையுடன் இணைக்கப்படுகிறது. உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் கீழே செல்கிறது.

இதை வெறும் பை சுருக்கும் வேலை என்று நினைத்தால் அது பாதி உண்மையே. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவில் அடைவதால், அங்கே ஜி.எல்.பி.-1 முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அவை “போதும்” என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. சர்க்கரை நோய் தணிவதற்கும் அவை துணை செய்கின்றன.

எடை ஏன் திரும்புகிறது?

முதற்காரணம் உடலின் தற்காப்பு. கொழுப்புத் திசுக்களில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். அப்போது மூளை, “பஞ்சம் வந்துவிட்டது” என்று பொருள் கொள்கிறது. பசியைத் தூண்டுகிறது, ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. பஞ்சத்தில் உயிரினத்தைக் காத்த ஏற்பாடே இங்கே எடையைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

இரண்டாவது, தசை இழப்பு. விரைவாக மெலியும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. தசை குறைந்தால், சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறையும்.

மூன்றாவது, காலப்போக்கில் சிறு பையும், குடலுடன் அதை இணைத்த வாயிலும் சிலருக்கு விரிகின்றன. உணவு தங்காமல் இறங்குவதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிப்பதில்லை.

நான்காவது, கொறித்தல். பெரியம்மா வைத்திருப்பது பெட்டிக்கடை. முறுக்கும் ரொட்டியும் கை எட்டும் தொலைவில் இருக்கின்றன. முதல் ஆண்டில் இனிப்புத் தின்றால் படபடப்பும் வியர்வையும் வந்து அவரைத் தடுத்தன. நாளடைவில் அது மட்டுப்பட்டது. ஒரு தட்டுச் சோறு உண்ண முடியாத வயிறு, ஐந்து தம்ளர் தேநீரை எளிதில் ஏற்றுக்கொண்டது. தம்ளருக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் நாளொன்றுக்கு 50 கிராம். அதாவது 200 கலோரி. ஆண்டுக்கு 73,000 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி எனக் கொண்டால், ஒன்பது கிலோவுக்கு மேல்! உடல் இவ்வளவு நேர்க்கணக்கில் நடப்பதில்லை என்பது உண்மையே. எனினும் சிறுதுளி பெருவெள்ளமாவதை இக்கணக்குக் காட்டும்.

இவை தவிர, தைராய்டு சுரப்பிக் குறை, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் காரணமாகலாம்.

தோல்வியா?

சுவீடன் நாட்டில் 1987இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. அறுவை செய்துகொண்ட 2,010 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரும் அதில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 2007இல் வெளியாயின. மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக இருந்தது. அஃதாவது, ஓரளவு எடை திரும்புவது பொது இயல்பே. அவ்வாறு திரும்பியும், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவாகவே இருந்தது.

இக்கணக்கைப் பெரியம்மாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். இழந்தது 42 கிலோ. திரும்பியது 17 கிலோ. சராசரியைவிடச் சற்று மிகுதிதான். ஆயினும் தொடக்க எடையிலிருந்து 25 கிலோ இன்னும் குறைவாகவே இருக்கிறது. நின்ற இன்சுலின் ஊசி நின்றபடியே இருக்கிறது. விற்ற நிலம் வீணாகவில்லை.

செய்ய வேண்டுவன

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் மருத்துவமனைத் தாள்கள் மஞ்சள் பையில் சுற்றிய நிலையில் இருந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவனே. நான் எடுத்துப் படித்தேன். வாழ்நாள் முழுவதும் வைட்டமின் பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை உண்ண வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டாம் ஆண்டுக்குப் பின் மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை. அந்தத் தாளை ஏழு ஆண்டுகளாக எவரும் படித்துச் சொல்லவில்லை. பள்ளி இறுதி வகுப்புகளில் நானே முயன்றிருந்தால் படித்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் திரும்பிச் செல்வது. எடை கூடியதும் “திட்டுவார்களே” என்று ஒளிபவர்களே மிகுதி. மருத்துவர் எண்டோஸ்கோப்பு மூலம் பையையும் வாயிலையும் பார்ப்பார். இரத்தச் சோதனை செய்வார். உண்ணும் மருந்துகளை ஆராய்வார்.

இரண்டாவது, உணவு முறை. தட்டில் புரதத்தை முதலில் உண்ண வேண்டும், சோறு கடைசியில். மென்று, மெதுவாக உண்ண வேண்டும். உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். வேளைக்கு வேளை உண்டு, இடையில் கொறிப்பதை நிறுத்த வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இத்தகையோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பர். நியாயவிலைக் கடையில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. அதில் உள்ள புரதம் ஏறத்தாழ 220 கிராம். பெரியம்மா ஒருவரின் நான்கு நாள் தேவைக்கும் போதாது. அரிசியோ விலையின்றிக் கிடைக்கிறது. எனவே முட்டை, சுண்டல், தயிர், மலிவான மத்தி மீன் இவற்றுக்கென்று தனியே காசு ஒதுக்கினோம். முட்டையொன்றில் சுமார் 6 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு.

மூன்றாவது, உடற்பயிற்சி. நடை நன்று; அதனுடன் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். பெரியம்மா நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து அமர்வதைப் பழகினார். நீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கினார்.

நான்காவது, வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது. இரண்டு கிலோ கூடும்போதே விழித்துக்கொண்டால் பதினேழு கிலோவுக்குப் போகாது.

இவற்றால் பயன் போதாதபோது, லிராகுளூட்டைடு, செமாகுளூட்டைடு போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. குடல் ஹார்மோனைப் போலவே செயல்படும் இவற்றை மருத்துவர் மேற்பார்வையின்றிப் பயன்படுத்தலாகாது, விலையும் அதிகம். விரிந்த வாயிலை எண்டோஸ்கோப்பு வழியே தைத்துச் சுருக்கவும் முடியும். மறு அறுவை கடைசி வழி. முதல் அறுவையைவிட அதில் ஆபத்து மிகுதி.

முடிவுரை

2025 பிப்ரவரியில் பெரியம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். வாயில் சற்றே விரிந்திருந்தது. பி12 மிகக் குறைந்திருந்தது. அவருடைய ஓயாத அசதிக்கு அதுவும் ஒரு காரணம் என்றார் மருத்துவர். மாத்திரைகள் மீண்டும் தொடங்கின. தேநீர் இரண்டு தம்ளராக, சர்க்கரை இன்றி ஆயிற்று. ஐந்து மாதத்தில் எடை 89 கிலோ. மீண்டும் 76ஐத் தொடுவாரா என்பது தெரியாது. தொட வேண்டும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. கூடாமல் காப்பதே முதல் வெற்றி என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பெட்டிக்குள் கிடக்கும் மருத்துவத் தாள்களை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். படித்ததை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். நாம் கற்கும் உடலியங்கியல் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியதன்று.