வயித்தால போனா வட்டிக்கு வாங்காதே

பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னா மருந்துக்கு ஆகுறது கொஞ்சம்தான், தங்கச்சி. ஆட்டோ, டாக்டர் ஃபீஸ், ட்ரிப்ஸ், கூட இருக்கிறவங்களுக்குச் சாப்பாடு, போதாததுக்கு உன்னோட ரெண்டு நாள் கூலி. மருந்து பில்லுல வராத இந்தச் செலவுதான் கம்மலை அடகுக் கடைக்கு அனுப்புது.

அதனால பேதிக்குக் கலக்கிக் கொடுக்குற உப்பு-சர்க்கரைப் பொடி, அதான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ரெண்டு எப்பவும் வீட்டுல இருக்கட்டும். அங்கன்வாடியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் காசில்லாமக் கேட்டு வாங்கலாம். பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி, சின்னதுன்னா 200 மில்லி. எதுக்கும் கவர்ல படிச்சுக்கோ. பாதியைக் கொட்டி டம்ளர்ல கலக்குறது வேண்டாம், உப்பு அளவு மாறிடும். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதே. பாக்கெட் இல்லையா? காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, திரும்பவும் ஸ்பூன் ஸ்பூனாக் கொடு. தாய்ப்பாலையும் சோத்தையும் நிறுத்தாதே. கடையில டப்பாவுல விக்கிற இனிப்புத் தண்ணி இதுக்கு ஆகாது. சர்க்கரை கூடினா பேதியும் கூடும்.

"ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்"னு நாமளே கேக்குறோமே, அதை விடு. 1971-ல வங்கதேசத்துலேர்ந்து வந்த அகதிகளுக்குக் காலரா. மேற்கு வங்காளத்துப் பொங்கான் முகாமுல ட்ரிப்ஸ் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைத்தான் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4-க்குக் கீழ இறங்கிச்சு.

கூடவே ஜிங்க் மாத்திரை. மூணாம் நாள் பேதி நின்னதும் அட்டையை அலமாரியில போட்டுடுவோம். அப்படி விடாதே; டாக்டர் சொல்ற பத்துலேர்ந்து பதினாலு நாளும் கொடுத்து முடி. ஆன்டிபயாடிக்கை மட்டும் நீயா வாங்காதே, தண்ணியாப் போற பேதிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

மலத்துல ரத்தம், கண்ணு குழிவிழுறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு இல்லை, குடிக்கவே முடியாமத் துவண்டு கிடக்குறது: இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் காசைப் பத்தி யோசிக்காதே. 108-க்குப் போடு, இலவசம்தான்.

கைக்குழந்தை இருந்தா, பேதியைத் தடுக்குற ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14-வது வாரத்துல. அரசு ஆஸ்பத்திரியில அதுக்கும் காசில்லை. மழைக்காலத்துல குழாய்த் தண்ணி கலங்கலா வந்தா, தெருவுல நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போய் புகார் கொடு. ஒருத்தி மட்டும் போனா யாரும் காது கொடுக்க மாட்டாங்க.