மழையும் மின்னேற்றியும்

என் மின்சார மோட்டார் சைக்கிளில் 3.3 கிலோவாட் மின்னேற்றியொன்றைத் தனியே வாங்கிப் பொருத்தினேன். பெட்டியின் இடுக்குகளையெல்லாம் சிலிகோன் பூசி அடைத்தாயிற்று என்ற பெருமை வேறு! மும்பையின் ஆனி மழை இரண்டே நாளில் அதைக் கரைத்தது. விடுதியில் பிளக்கைச் செருகியதும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ‘டிரிப்’ ஆயிற்று. அது இல்லையேல், நண்பர்களே, இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ!

நீர் எவ்வாறு புகுந்தது? 93 விழுக்காடு திறனுள்ள மின்னேற்றியிலும் ஏறத்தாழ 230 வாட் வீணே வெப்பமாகிறது. சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும். மழை பட்டுக் குளிர்ந்ததும் சுருங்கி, வண்டியின் அதிர்வில் சிலிகோன் நூலிழை விலகிய இடத்தில் நீரை உறிஞ்சும்.

ஆதலின் பெட்டி மூச்சுவிட வழி செய்தேன். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வடைப்பு ஒன்றை அடிப்புறம் வைத்தேன். கம்பியைத் தொங்கல் வளைவு விட்டுக் கீழிருந்து நுழைத்தேன்; சொட்டு வளைவிலேயே உதிர்ந்துவிடும். பெட்டி இப்போது ரப்பர் புஷ்களின்மேல் அமர்ந்திருக்கிறது. ஆடி மழையும் போயிற்று. கருவி ‘டிரிப்’ ஆகவில்லை.