மூடுபனியா, புயலா? முதலில் அதைக் கேளுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆடிட்டுக்கு வருகிறவர், டெல்லி மீட்டிங் முடித்துத் திருவள்ளூர் திரும்புகிறவர் எல்லோருக்கும் விமான நிலையம் மீனம்பாக்கம்தான். அங்கே இறங்க முடியாமல் விமானம் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விட்டால் என்ன செய்வது? முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மூடுபனிக்கு ஒரு வைத்தியம், புயலுக்கு வேறு வைத்தியம்.

மூடுபனி என்றால்: ஓடுபாதையின் நடுக்கோட்டையும் இறங்கும் சரிவையும் ரேடியோ அலையால் விமானிக்குக் காட்டுவது ஐ.எல்.எஸ். கருவி. அதன் முதல் வகையில், சுமார் 200 அடி உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். பார்வைத் தூரம் 550 மீட்டராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானி மேலே ஏறியே தீர வேண்டும். டெல்லியில் மூன்றாம் வகைக் கருவி இருப்பதால், அதற்குப் பயிற்சி பெற்ற விமானி 50 மீட்டரிலும் இறக்கலாம். 2018 போகியன்று பனியோடு டயர்ப் புகையும் சேர்ந்துகொள்ள, சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும். எனவே அவசரப்பட்டு டாக்சி பிடிக்க வேண்டாம். அதே விமானம் திரும்பச் சென்னைக்குக் கிளம்பவே வாய்ப்பு அதிகம். "விமானிகளின் பணிநேரம் முடிகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். முடிகிறது என்றால் மாற்று ஆள் வரும்வரை காத்திருப்பு நீளும். போகி வாரத்தில் விடியற்காலை டிக்கெட்டைத் தவிர்த்து, பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

திருப்பதியில் இறங்கினால்: ரேணிகுண்டாவிலிருந்து திருவள்ளூர் பக்கம்தானே என்று ஆசை வரும். நினைத்தபடி இறங்கிவிட முடியாது. விமான நிறுவனம் அனுமதிக்க வேண்டும். செக்-இன் செய்த பெட்டியையும் இறக்க வேண்டும். கைப்பையோடு வந்தவர் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு விமானத்தில் வருகிறவர், குடியேற்றச் சோதனை முடியாமல் வெளியே வர முடியாது.

புயல் என்றால்: பக்கக்காற்றுக்கும் ஓடுபாதையில் தேங்கிய நீருக்கும் ஐ.எல்.எஸ். உதவாது. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 அன்றும், ஃபெஞ்சல் புயலின்போது 2024 நவம்பர் 30 அன்றும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. இங்கே காத்திருப்பதில் பயனில்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பயணத் தேதியை மாற்றிவிடுங்கள். பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி இடையிலான பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் பக்க ரயிலும் நின்றுவிடும். விமானம் இறங்கினாலும் வீடு போய்ச் சேர்வது பாடுதான்.

பணம்: வானிலையால் வரும் தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் விமானம் ரத்தானால் முழுத் தொகையையோ மாற்று விமானத்தையோ கேட்பது உங்கள் உரிமை. விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி அப்படித்தான் சொல்கிறது. ரத்து அறிவிப்புக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். நிறுவனம் இழுத்தடித்தால் 'ஏர்சேவா' தளத்தில் புகார் செய்யலாம்.

தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு ஒன்று: நவம்பர், டிசம்பரிலும் போகி வாரத்திலும் விருந்தினரை முதல் நாளே வரவழைத்து விடுங்கள். ஓர் இரவு ஓட்டல் வாடகை, ஒத்திப்போன ஆடிட்டைவிட மலிவு.