குழந்தைகளுடன் காஞ்சியில் ஒரு நாள்

கேள்வி: நான்கு, ஏழு வயதுக் குழந்தைகளோடு காஞ்சிபுரம் செல்கிறோம். ஒரே நாளில் எல்லா ஆலயங்களையும் காட்ட இயலுமா?

பதில்: அந்தச் சங்கல்பத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்; பெரியோர்க்குப் புண்ணியமாய்த் தோன்றும் யாத்திரை, சுடுகல்லில் வெறுங்காலோடு நடக்கும் பாலர்களுக்குத் தண்டனையாகவே முடியும். வெயில் ஏறுமுன்னரே, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கைலாசநாதர் ஆலயத்தை அடைந்து, பிராகாரத்தைச் சூழ்ந்த 58 சிற்றாலயங்களையும், தூண்தோறும் பாய்ந்தெழும் சிங்கங்களையும் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். சிற்ப சாஸ்திர விளக்கம் பிறகு வரட்டும். அடுத்து வரதராஜப் பெருமாள் கோயில் ஒன்றே போதும்: நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியும், தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் அவர்கள் நெஞ்சை விட்டு அகலா.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மிளகும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை உண்டு, இளைப்பாறுங்கள்.

மாலையில், என் அபிப்பிராயத்தில் கோபுரங்களினும் அவசியமான தரிசனம் ஒன்றுண்டு: பிள்ளையார்பாளையத்துத் தறிவீடு ஒன்றில் முன்அனுமதி பெற்று, கோர்வைச் சேலையின் உடலுக்கும் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் தனித்தனியே ஓடி, இரு நிறங்கள் பிரியாது பிணைவதை அவர்கள் காணட்டும். பாவைத் தொடலாகாதென்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அது ஒரு குடும்பத்தின் பல நாள் ஜீவனம்.