கஷாயத்தோடு கடிகாரமும்

கொழிஞ்சாம்பாறை

அம்மிணி கண்ணுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பதிலையும் அப்படியே பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் பிடிக்காத இடம் வந்ததும் நீ நிறுத்திவிடுவாய். காகிதமென்றால் வீட்டில் கிடக்கும், கோபம் ஆறியதும் எடுத்துப் பார்ப்பாய். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

பாப்பாவை இயற்கை முறையிலேயே வளர்ப்பது என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறீர்கள். ஆறாம் வாரத்து ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து, தொடை வீங்கி, இரவெல்லாம் அழுதாள் என்று பத்தாம் வாரத்து ஊசியையும் பதினாலாம் வாரத்து ஊசியையும் விட்டுவிட்டீர்கள். இனி சளிக்குக் கற்பூரவல்லி, வயிற்றுக்கு வசம்பு, நோய் வராமலிருக்க மலைத்தேன். நான் ஜே.பி.எச்.என். என்ற அரசுச் சுகாதார நர்ஸ் உத்தியோகம் பார்த்தவள், திட்டத்தான் செய்வேன் என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிட்டாய். திட்டவில்லை. பாதிக்கு நான் உன் பக்கம்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். குடித்தது கோல்ட்ரிஃப் என்கிற இருமல் சிரப்பு. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கம்பெனியில் செய்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் அதில் 48.6 சதவீதம் இருந்ததாக அரசுப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையும் இல்லை என்று மத்தியச் சுகாதாரத் துறை அப்போது எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. எனவே கடைச் சிரப்பு வேண்டாம் என்று நீ சொன்னால் சரிதான். சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதும் சரி. டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கும் கடைகளைப் பிடிக்க, 2024இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று நம் கேரள அரசே கிளம்பியது. மூக்கடைப்புக்குத் தாய்ப்பாலும் பொறுமையும் போதும்.

கைவைத்தியத்தையும் நான் மட்டமாகப் பேசுகிறவள் இல்லை. ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உண்டாக்கினார்கள். 1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா வந்து, ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. நம் வீட்டு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியின் பக்கத்து உறவுதான் அது; அவர் அளந்து கலந்தார், கணக்கு வைத்தார், உலகம் ஏற்றுக்கொண்டது. அளந்து பார்த்தபோது நிற்காமல் போனவையும் உண்டு. கீழாநெல்லி கொடுத்ததில் ஹெபடைடிஸ் பி கிருமி 37 பேரில் 22 பேருக்குப் போய்விட்டது என்று 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். நாடே கொண்டாடியது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். பெயர் வைத்தியருக்குப் போகும்.

இனி, பாப்பாவின் வாய்க்குள் போகக் கூடாதவை.

மலைத்தேன். சின்னாறு காட்டில் எடுத்த சுத்தமான தேன் என்கிறாய், நம்புகிறேன். சுத்தம் இங்கே பேச்சே இல்லை. தேனில் பொட்டுலிசம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, ஒரு வயதுக்குள்ளான குழந்தை குடலில் முளைத்து விஷம் கக்கும். பிள்ளை துவண்டு, பால் குடிக்க முடியாமல், மூச்சு வாங்கும். முதல் பிறந்த நாள் வரை விரலில் தொட்டுக்கூட வைக்காதே.

வசம்பு. சம்பந்தியம்மா சுட்டு உரசி நாக்கில் தடவுகிறார்கள் என்றாய். வளையலாகக் கையில் கட்டட்டும், பாப்பா அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதிலிருக்கும் அசரோன் நல்ல பொருள் இல்லை. அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். உரசும் கல்லில் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அழுகிற பிள்ளை வசம்பு தடவியதும் அடங்குகிறது என்றால் எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், உங்கள் பக்கத்து யூக்காலித் தைலம், புல்தைலம் இவற்றை மார்பில் மூக்கில் தேய்க்காதே. ஒரு ஸ்பூன் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். பாட்டிலைப் பரண்மேல் வை. குளிப்பாட்டும்போது மூக்கில், காதில் எண்ணெய் விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வந்த நிமோனியாவை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு உருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து, இளவெயிலில் கொஞ்ச நேரம் மடியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டு. அதற்கு மேல் சுகம் எந்த மருந்திலும் இல்லை. உங்கள் காந்தல்லூர் பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைப் பாலில் வேகவைத்து நீ சாப்பிடு. பிள்ளை கழுத்தில் மாலையாகக் கட்டாதே.

‘ஆத்தா காலத்தில் ஊசியா போட்டார்கள், எல்லாரும் நன்றாக வளரவில்லையா’ என்று மாப்பிள்ளை கேட்டாராம். வளர்ந்தவர்களை எண்ணிக் கேட்கிற கேள்வி அது. உன் ஆத்தா பெற்றது ஏழு; உன் அப்பாவோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் தேறினோம். கொல்லையில் இல்லாத மூலிகை இல்லை. துளசி, ஆடாதோடை, தூதுவளை, நொச்சி, எல்லாம் ஆத்தா கையால் வைத்தது. எனக்கு அடுத்தவன் கக்குவான் இருமலில் போனான். அந்த நோய் ஆறு மாதத்துக்குள்ளான பிள்ளையைத்தான் மோசமாகப் பிடிக்கும். ‘கூவ்’ என்ற சத்தம்கூட அந்த வயதில் வராமல் போகலாம், மூச்சு நின்று உதடு நீலம் பாயும். ஆத்தா கஷாயத்தை நிறுத்தவே இல்லை. ஆனால் வில்லேஜ் நர்ஸ் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு எங்களைத் தரதரவென இழுத்துக்கொண்டு போவாள். இரண்டுக்கும் சண்டை இருப்பதாக அவளுக்குத் தெரியாது. அந்தச் சண்டையை யூடியூப்காரர்கள்தான் மூட்டினார்கள்.

ஊசி நேற்று வந்த கம்பெனி வியாபாரம் என்ற பேச்சும் வேண்டாம். உங்கள் காந்தல்லூர் சேர்ந்த அஞ்சுநாடு அன்றைக்குத் திருவிதாங்கூர். அந்த ராஜாங்கம் 1879லேயே அரசு உத்தியோகஸ்தருக்கும் மாணவருக்கும் கைதிகளுக்கும் அம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கியது. நீ விட்ட ஊசியின் பெயர் பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி என்று ஐந்துக்கு ஒரே ஊசி. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் முதலில் போட ஆரம்பித்ததே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான், 2011 டிசம்பரில். 2016இல் எங்கள் பக்கத்து மாவட்டம் மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தது. ஊசி முழுதாகப் போடாத பிள்ளைகள்தான் அதிகம் மாட்டினார்கள், சாவும் விழுந்தது. பாப்பாவுக்கு வந்த காய்ச்சலும் வீக்கமும் ஒன்றிரண்டு நாளில் போயிருக்குமே? கக்குவான் ஊசிக்கு அது வாடிக்கைதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கைவைத்தியம் செய், ஆனால் எத்தனை மணி வரை என்பதை நோய் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள். நீ இருப்பது பாலக்காட்டு டவுனில் அல்ல. காந்தல்லூரிலிருந்து மறையூருக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து மூணாறு ஒரு பக்கம், சின்னாறு காட்டைத் தாண்டி உடுமலை ஒரு பக்கம், இரண்டும் சுமார் 40 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் சரியும். ராத்திரியில் யானை நிற்கும். படையப்பா என்று பேர் வைத்திருக்கிற கொம்பன் வழிவிட்டால்தான் ஜீப் போகும். தேவிகுளம் தாலுக்காவில் நான் வேலை பார்த்த காலத்தில் தாமதமாக வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: ‘காலையில் பார்த்துக்கலாம்னு இருந்தோம்.’ இடமலக்குடிக்காரர்கள் நோயாளியைக் கம்பில் கட்டிச் சுமந்து வருவதை இன்றும் பேப்பரில் படிக்கிறோம். அவர்களுக்கு ரோடு சரியில்லை. உனக்கு ரோடு இருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு.

நம் வீட்டுக் கணக்கு இதுதான்: சாதாரணக் காய்ச்சலுக்கு, பால் நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு, ஒரு ராத்திரி தவணை. மறுநாள் காலை பத்து மணிக்குள் குறையவில்லையென்றால் ஜீப்புக்குச் சொல்லிவிடு. மூன்று மாதத்துக்குள்ளான சிசுவுக்கு 100.4 டிகிரி தொட்டால் தவணையே கிடையாது. அடுத்த பிள்ளைக்கு ஞாபகம் வைத்துக்கொள். இருமல் வந்தால் கடிகாரத்தை எடு. பாப்பா அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணு. இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியா என்று நினைத்துக்கொண்டு கிளம்பு. ஒரு வயது தாண்டினால் கணக்கு 40. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதே, 108ஐக் கூப்பிடு. பேதியென்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கொடு, ஆஷா அக்காவிடம் பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் கேட்டு இப்போதே வாங்கி வை. மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் பதினாலு நாள் முடியக் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரம் மூத்திரம் போகவில்லை, கண் குழி விழுந்தது, ரத்தம் கலந்து போகிறது என்றால் இறங்கு.

சாப்பாட்டு விஷயத்தில் நீ கேட்கும் இயற்கைக்கு நான் முழுச் சம்மதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சீரகத் தண்ணி, சர்க்கரைத் தண்ணி எதுவும் வேண்டாம். பிறகு ராகியை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சு. நேந்திரங்காய்ப் பொடியும் நல்லது. பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை சேர்த்துக்கொண்டே போ. எஸ்டேட் லயங்களில் ஒரு வயதுப் பிள்ளைக்கே கட்டன் சாயா ஊற்றுவார்கள்; தேயிலை சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மறையூர் வெல்லம் ருசிதான், ரத்தசோகைக்கு அது பதிலல்ல. அங்கன்வாடியில் தரும் இரும்புச் சத்து மருந்தைக் கொடு. அட்டப்பாடியை நினைத்துப் பார். மூலிகைக்குப் பஞ்சமில்லாத மலை. 2013இல் அங்கே சிசுக்கள் அடுத்தடுத்து இறந்தபோது வெளியே வந்தது தாய்மாரின் பட்டினியும் ரத்தசோகையும், எடை குறைந்த பிரசவங்களும். சாமையும் ராகியும் விளைந்த நிலம் கைவிட்டுப் போனதன் பலன் அது. மருந்துச் செடியைவிட மூன்று வேளைச் சாப்பாடு பெரிது, முதலில் உன் தட்டைக் கவனி.

கோடையில் இங்கே வரும்போது பாப்பாவுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சித்தூர் தாலுக்காவில் பல இடத்தில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். துளசி போட்டாலும் அப்படியே. பைப் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்துத் தருகிறேன்.

வருகிற புதன்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு மறையூர் ஆஸ்பத்திரிக்குப் போ. விட்டுப்போன ஊசியை முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். நின்ற இடத்திலிருந்து, நாலு வாரம் இடைவெளி விட்டுப் போடுவார்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம். எடைக்குத் தக்கபடி பாராசிட்டமால் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். சம்பந்தியம்மாவையும் கூட்டிப் போ, அவர்களுடைய சந்தேகத்தை அவர்களே கேட்கட்டும். ஒன்பதாம் மாதத்து எம்.ஆர். என்ற தட்டம்மை ஊசிக்கும் வைட்டமின் ஏ சொட்டுக்கும் எந்தத் தேதி என்று அங்கேயே குறித்துக்கொள். புதன்கிழமை ஊசி போட்டதும் கார்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை