செய்தி முன்னே, சரக்குப் பின்னே

ஒரு பொருளைச் செய்து முடித்த பின்னரே அதைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவது உலக வழக்கம். அமெரிக்காவில் ஜெப் பெசோஸ் என்பவர் 1994-ஆம் ஆண்டில் தொடங்கிய அமேசான் நிறுவனத்தார் இவ்வழக்கைத் தலைகீழாக்கினர். வேலையைத் தொடங்குமுன்பே, பொருள் விற்பனைக்கு வந்துவிட்டதாகப் பாவித்து, ஒரு பக்க அளவில் செய்தியறிக்கையின் நகலை எழுதுகின்றனர். வாங்குவோர் யார், அவருக்குள்ள குறை யாது, அதை இப்பொருள் எங்ஙனம் தீர்க்கும் என்பன அதில் இருத்தல் வேண்டும். அதையடுத்து வினாவிடைகள் சில பக்கங்கள் வரும். அடக்க விலையும் இடையூறுகளும் அங்கேதான் வெளிப்படும்.

நகல் எழுதுவது எளிது. உடனுழைப்போரின் உள்ளக் கருத்தைப் பெறுவதே அரிது. கூட்டம் தொடங்கியதும் அச்சிட்ட பிரதி ஒவ்வொருவருக்கும் தரப்படுகிறது. ஏறத்தாழ 20 நிமிடம் எவரும் பேசுவதில்லை. படித்து, ஓரத்தில் குறிப்பெழுதுகின்றனர். முன்கூட்டியே அனுப்பினால் என்ன? படிக்காமல் வந்து படித்தவர்போல் அமர்ந்திருப்பார்கள்! அமெரிக்கரும் மனிதர்தாமே.

பின்னர்க் கருத்துரைக்கும்போது, இளையவர் முதலிலும் தாம் இறுதியிலும் பேசுவதே முறை என்கிறார் பெசோஸ். தலைவர் 'நன்று' என்றபின் மறுத்துரைக்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? நம் சங்கக் கூட்டங்களை அங்கத்தினர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

குறைகளைக் கேட்டு நகலைத் திருத்தி மீண்டும் படிக்கின்றனர். இது பலமுறை நிகழும். பெரும்பாலான நகல்கள் பொருளாகாமலே நின்றுவிடுகின்றன. அதில் நட்டம் தாள்தான்.

இம்முறையும் முழுக் காப்பன்று. பெசோஸ் தாமே பெரிதும் ஈடுபட்டு 2014-இல் வெளியிட்ட கைப்பேசி விலைபோகவில்லை; 17 கோடி டாலர் நட்டமெழுத நேர்ந்தது.

புதுவகைப் போர்வை நெய்ய எண்ணும் சங்கம், நூலுக்குப் பணம் போடுமுன் இத்தகைய ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்கலாம். நெசவாளர், சாயமிடுவோர், விற்பனை நிலையத்தில் நிற்பவர் ஆகியோரிடம் அதைக் கொடுத்து, 'நன்றாயிருக்கிறதா?' என்று கேட்டால், 'ஆம்' என்ற விடையே வரும். 'எந்த வரியை நம்ப இயலவில்லை? இவ்விலைக்கு நீர் வாங்குவீரா?' என்று கேட்டல் வேண்டும். எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுக. விடைகளைப் பெயரின்றிக் குறித்துக்கொண்டு, அடுத்த நகலில் எவை திருத்தப்பட்டன, எவை ஏன் விடப்பட்டன என்பதைச் சொன்னவர்க்கே திரும்பத் தெரிவித்தல் நலம். இல்லையேல் மறுமுறை அவர்கள் வாய் திறவார்.