போர்க்களத்திற் பூத்த அருள்

போர் என்பது கொல்லுந் தொழிலே என்பார், கொரியநாட்டு நிகழ்ச்சியொன்றை நோக்குவாராக. 1950-ஆம் ஆண்டு டிசம்பரில் பகைப்படை சியோல் நகரை நெருங்கியகாலை, அமெரிக்க விமானப்படைப் போதகராகிய ரஸ்ஸல் பிளைஸ்டெல் என்பார், தெருக்களினின்றும் எடுத்துக் காக்கப்பெற்ற அநாதைக் குழந்தைகளை வீரர் துணையோடு இன்ச்சோன் துறைமுகஞ் சேர்த்தார். எதிர்பார்த்த கப்பல் வந்திலது. குளிரோடு தட்டம்மையும் கக்குவான் இருமலும் வருத்தின. குழந்தைகள் சிலர் மாண்டனர். அவரோ தளராது, லாரிகளைத் தேடிப்பெற்றுக் கிம்போ விமான நிலையம் அடைந்தார். டிசம்பர் 20-ஆம் நாள், படைவிமானங்கள் ஏறத்தாழ 1,000 சிறுவரைச் செஜு தீவிற்குச் சுமந்து சென்றன. நோயுற்றார் அங்கு மருத்துவம் பெற்றனர்.

இதனால் அறியப்படுவன இரண்டு. இரக்கம் உள்ளத்தே பிறப்பினும், ஊர்தியும் உழைப்பும் இன்றேல் உயிர் காவாது என்பது ஒன்று. துறைமுகத்தில் மாண்ட குழந்தைகளை நினையுந்தோறும், அருள் ஒருநாள் தாழ்ப்பினும் இழப்பு நேரும் என்பது மற்றொன்று.